தொலைந்த ரொட்டி

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தெருமுனை பிரன்ச் கடையில் உட்கார்ந்தால், மெனுவில் பிரெஞ்சு டோஸ்ட் இல்லாமல் இருக்காது. (பிரன்ச் வேறு, பிரெஞ்சு வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம் :-)) தடிமனான ரொட்டி, மேலே வாழைப்பழ வில்லைகள், மேப்பிள் சிரப். ருசிக்குக் குறைவில்லை. அது இந்தத் தட்டுக்கு வந்து சேர்ந்த கதையும் ருசியானதுதான்.

முதலில் பெயர். 1724-ல் அமெரிக்காவின் ஆல்பனியில் ஜோசப் பிரெஞ்ச் என்ற விடுதிக்காரர் கண்டுபிடித்தார், அதனால்தான் இந்தப் பெயர் என்று ஒரு கதை உலவுகிறது. நம்பாதீர்கள். அதற்கு 64 வருடம் முன்பே, 1660-ல், ராபர்ட் மே என்ற ஆங்கிலேயச் சமையல்காரரின் புத்தகத்தில் இந்தப் பெயர் வந்துவிட்டது. ஆனால் அதில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. வாட்டிய பிரெஞ்சு ரொட்டியை ஒயினில் ஊறவைத்து, சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும் சேர்க்கச் சொல்கிறார் மனிதர்.

பண்டம் பெயரைவிடப் பழசு. அபீசியஸ் என்ற பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் தொகுப்பிலேயே இருக்கிறது: வெள்ளை ரொட்டியின் ஓரத்தை நீக்கி, பாலில் நனைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்று. அவ்வளவுதான்.

சரி, பிரான்ஸில் இதற்கு என்ன பெயர்? "பேன் பெர்துய்". அதாவது தொலைந்த ரொட்டி. காய்ந்து கல்லாகி, இனி உதவாது என்று ஆகிவிட்ட ரொட்டி. அதைப் பாலிலும் முட்டையிலும் போட்டு மீட்டெடுக்கிறார்கள். ஜெர்மனியில் "ஆர்மே ரிட்டர்", ஏழை வீரர்கள். ஆங்கிலேயர்கள் "பிரெஞ்சு" என்றார்கள், நம்மூர் வீடுகளில் "பாம்பே டோஸ்ட்" என்றோம். ஊர்ப்பெயர் வைத்தவர்கள் எல்லோரும் விஷயத்தை மறைத்துவிட்டோம். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும்தான் உண்மையைப் போட்டு உடைத்தவர்கள்: இது மிச்சத்தில் செய்த சாப்பாடு.

மிச்சம் என்றாலும் மட்டம் இல்லை. ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் "டொர்ரிஹாஸ்" என்று விசேஷமாகச் செய்கிறார்கள். போர்ச்சுகலில் கிறிஸ்துமஸுக்கு "ரபனாடாஸ்". நம் நாட்டிலும் முட்டையில்லாத சொந்தக்காரர்கள் உண்டு. ரொட்டியை நெய்யில் பொரித்து, பாகில் ஊறவைத்து, ரபடி ஊற்றினால் ஷாஹி துக்டா. ஹைதராபாத் கல்யாண விருந்தில் அதன் தம்பி டபுள் கா மீட்டா. "ஷாஹி" என்றால் ராஜவம்சத்து. ஐரோப்பாவில் ஏழை வீரன், இங்கே ராஜா!

இப்போது பிரன்ச் கடைக்காரர்கள் பலர் இதற்கென்றே வெண்ணெயும் முட்டையும் சேர்த்த பிரியோஷ் ரொட்டியை வாங்குகிறார்கள். அது தொலையவே இல்லை. பிறகு மீட்க என்ன இருக்கிறது? தட்டு அழகாக இருக்கிறது, காரணம் காணாமல் போய்விட்டது.

இதை எழுதத் தோன்றியதே அதனால்தான். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் "லெஃப்ட்ஓவரா?" என்று முகம் சுளிக்கிறார்கள். நேற்றைய இட்லியை உதிர்த்து, கடுகு, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் தாளித்து அம்மா செய்த இட்லி உப்புமாவும் இதே ஜாதிதான். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழையதும் அப்படித்தான். அந்த உப்புமாவை மட்டும் ஏழ்மையின் அடையாளம் என்று சொல்லித்தர வேண்டாமே. ரோமிலிருந்து ஹைதராபாத் வரை சமையலறைகள் செய்ததைத்தான் அம்மாவும் செய்தார். மெனு அட்டையில் பெயர் ஏறவில்லை, அவ்வளவே.

கொசுறு: வீட்டில் செய்வதானால் புது ரொட்டி வேண்டாம், பாலை இழுத்து நைந்துபோகும். ஒருநாள் பழைய ரொட்டி உறுதியாக நின்று ஊறும். தவாவில் வெண்ணெய், மிதமான தீ. இரண்டு பக்கமும் பொன்னிறம் வந்தால் எடுத்துவிடலாம்.