வந்தவர் பேரேடு

லினக்ஸ் சர்வரில் ‘லாஸ்ட்’ என்று தட்டினால் யார், எங்கிருந்து, எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியேறினார் என்று ஒரு பட்டியல் வரும். விசாரணை என்று வந்துவிட்டால் எல்லோரும் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கோப்பு கணக்கு எழுதப் பிறந்தது. சாட்சி சொல்லும் வேலை பின்னாளில் அதன் தலையில் விழுந்தது. அதில் வரும் பிழைகளைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்.

யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதியது. அதிலேயே இரண்டு கோப்புகள் இருக்கின்றன. யூடிஎம்பியில் இந்த நிமிஷம் உள்ளே இருப்பவர்கள். டபிள்யூடிஎம்பியில் இதுவரை வந்துபோனவர்கள். யார் எத்தனை நேரம் டெர்மினலில் இருந்தார் என்று கூட்டிப் பார்க்க இரண்டாவது கோப்பு உதவியது. கணினி நேரம் காசாக இருந்த காலம் அது.

1979இல் வந்த ஏழாம் பதிப்பில் ஒரு பதிவுக்கு 20 பைட். டெர்மினல் பெயருக்கு 8, ஆள் பெயருக்கு 8, நேரத்துக்கு 4. ஒருவர் வெளியேறினால் அதே டெர்மினல் பெயரோடு, ஆள் பெயர் காலியாக இன்னொரு பதிவு விழும். கோப்பை யாராவது அழித்துவிட்டால் லாகின் புரோகிராம் அதைத் திரும்ப உண்டாக்காது, பதிவே நின்றுபோகும். இதைக் கையேடே வெளிப்படையாகச் சொல்கிறது. இன்றைக்கும் ‘லாஸ்ட்’ புதிதாக எதையுமே காட்டாவிட்டால் முதலில் கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வந்ததையும் போனதையும் ஜோடி சேர்ப்பது பிற்பாடு படிக்கும் புரோகிராமின் வேலை. ஜோடி கிடைக்காவிட்டால் அது ஊகிக்கும். மின்சாரம் சட்டென்று போனால் வெளியேறிய பதிவை எழுத ஆள் கிடையாது. மெஷின் மறுபடி கிளம்பிய பதிவைப் பார்த்து ‘லாஸ்ட்’ அந்த வரியில் ‘கிராஷ்’ என்று போடும். அந்த மறுகிளம்பல் வரைக்கும் அவர் உள்ளே இருந்ததாக நேரத்தையும் கூட்டிவிடும்.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இந்தக் கூட்டல் ஒரு பையனின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. சனிக்கிழமை இரவு யூபிஎஸ் கைவிட்டு சர்வர் அணைந்தது. திங்கள் காலைதான் கிளம்பியது. யாரோ பட்டியலை எக்செலில் போட்டார்கள். ‘கிராஷ்’ என்ற சொல் கழன்றுவிட்டது, மணிக்கணக்கு மட்டும் மிஞ்சியது. ஞாயிறு முழுக்க சர்வருக்குள் என்ன செய்தாய் என்று அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “நான் ஏழு மணிக்கே கிளம்பிட்டேன் அண்ணா, லாகவுட் மட்டும் பண்ணல” என்று என்னிடம் வந்து நின்றான். ‘கிராஷ்’ வரியையும் அதற்கு மேலிருந்த ரீபூட் வரியையும் அச்சிட்டுக் கொடுத்தேன். அணைந்து கிடந்த இயந்திரத்துக்குள் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது என்று விளக்க அரைமணி நேரம் ஆனது.

இன்னொரு வகைப் பிழை அளவு சார்ந்தது. இன்றைய 64 பிட் லினக்ஸில் ஒரு பதிவு 384 பைட். பதிவுகளுக்கு நடுவே பிரிக்கும் குறி எதுவும் இல்லை. இடையில் நாலு பைட் காணாமல் போனால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே இடம் பெயர்ந்துவிடும். பெயர்கள் பாதியில் உடையும். நேரம் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்து விழுந்தால் தேதி 1970 ஜனவரி 1, இந்திய நேரம் காலை 5.30 என்று காட்டும். மருந்து இருக்கிறது: ‘யூடிஎம்பி-டம்ப்’ கோப்பை எழுத்தாக மாற்றித் தரும், கெட்ட வரியை எடுத்துவிட்டுத் திரும்பக் கோப்பாக்கலாம். யோசித்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கும். பழுது பார்க்கத் தெரிந்த கைக்கு மாற்றி எழுதவும் தெரியும்.

கிளிஃபோர்ட் ஸ்டால் இதை 1986லேயே புரிந்துகொண்டவர். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அங்கே யுனிக்ஸின் சொந்தக் கணக்கும் ஆய்வகம் எழுதிய இன்னொரு கணக்கும் தனித்தனியே ஓடின. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் திருட்டே தெரிந்தது. உள்ளே வந்தவன் யார் யார் லாகினில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நடமாடுகிறவன். அதனால் ஸ்டால் இயந்திரத்துக்கு வெளியே, வரும் இணைப்புகளில் பிரிண்டர்களை மாட்டினார். காகிதத்தில் விழுந்ததை உள்ளேயிருந்து அழிக்க முடியாதே! தடம் ஹனோவரில் மார்க்குஸ் ஹெஸ் என்பவரிடம் போய் முடிந்தது. சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்றதற்காக 1990இல் அவர் தண்டிக்கப்பட்டார்.

இத்தனைக்குப் பிறகும் 1994இல் சன்ஓஎஸ் 4.1 பதிப்புகளில் யூடிஎம்பி கோப்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலை இருப்பதாக செர்ட் அமைப்பு எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. வருகைப் பதிவேட்டை வாசலில் பேனாவோடு வைத்துவிட்டுப் போன கதைதான்.

பதிவு 20 பைட்டிலிருந்து 384க்கு வளர்ந்தது, சரி. நேரத்துக்கு மட்டும் இன்னும் அதே 4 பைட். பழைய 32 பிட் புரோகிராம்களோடு ஒத்துப்போவதற்காக அப்படியே விட்டார்கள். 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு மேல் அதில் இடமில்லை. அதனால்தான் 2025இல் வந்த டெபியன் 13 பழைய ‘லாஸ்ட்’டை எடுத்துவிட்டு, எஸ்க்யூலைட்டில் எழுதும் புதிய பேரேட்டுக்கு மாறச் சொல்கிறது. மேம்படுத்திய பிறகு ‘லாஸ்ட் கட்டளையைக் காணோம்’ என்று தேடுபவர்கள் நிறைய.

மாற்றம் நல்லதுதான். ஆனால் புதிய பேரேட்டிலும் மின்சாரம் போகும் நொடியில் போனவர் நேரத்தை எழுத ஆள் இருக்காது. அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். அதை நிரப்பப்போவது இன்னொரு புரோகிராமின் ஊகம், அல்லது அவசரத்தில் இருக்கும் ஒரு மேலாளரின் ஊகம். யாரையாவது கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன்னால், பக்கத்தில் இன்னொரு கணக்கை வைத்து ஒத்துப் பார்ப்பதுதான் நியாயம். பெர்க்லியில் அப்படி ஒத்துப் பார்த்தபோதுதான் 75 சென்ட் கண்ணில் பட்டது.