முதுகெலும்பின் முப்பரிமாண அச்சு மாதிரி

முதுகெலும்பின் முப்பரிமாண அச்சு மாதிரி என்பது, ஒரு குறிப்பிட்ட நோயாளியின் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொண்டு, அவரது முதுகெலும்பை உண்மை அளவிலேயே முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்த்தெடுக்கும் உருவம் ஆகும். அறுவை மருத்துவர் இதனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கவும், அதில் துளையிட்டுப் பழகவும், பொருத்த வேண்டிய உலோகத் தண்டுகளை முன்னரே வளைத்து வைக்கவும் பயன்படுத்துகின்றார்.

தேவை

முதுகெலும்பு அறுவைகள் பலவற்றில், முள்ளெலும்பின் உடற்பகுதியையும் பின்வளைவையும் இணைக்கும் காம்பின் ஊடாகத் திருகாணிகள் செலுத்தப்படுகின்றன. நெஞ்சுப் பகுதியின் நடு முள்ளெலும்புகளில் இக்காம்பின் அகலம் பலருக்கு ஏறத்தாழ 5 மிமீ மட்டுமே. திருகாணி உட்புறம் விலகினால் தண்டுவடம் காயமுற்றுக் கால்கள் செயலிழக்கக்கூடும். பக்கவளைவு நோயில் முள்ளெலும்புகள் வளைவதுடன் சுழன்றும் இருக்கும். வளைவின் உட்குழிந்த பக்கத்துக் காம்புகள் மேலும் மெலிந்திருக்கும். கழுத்திலோ, மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் முள்ளெலும்புத் தமனி எலும்புத் துளைகளின் வழியே செல்கிறது. இரண்டாம் கழுத்து முள்ளெலும்பில் இத்தமனி சிலருக்கு வழமையைவிட உயர்ந்து செல்வதுண்டு. அங்கே திருகாணிக்கு இடமே இராது. இத்தகைய வேறுபாடுகளைத் தட்டையான திரையில் பார்த்து மனத்தில் உருவகிப்பது பட்டறிவு மிக்கவர்க்கும் எளிதன்று.

வரலாறு

சக் ஹல் என்பவர் 1984-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1986-இல் பெற்ற, ஒளியால் பிசினை இறுகச் செய்யும் முறையே இதன் தொடக்கம். ஆஸ்திரேலிய நரம்பியல் அறுவை மருத்துவர் பால் டர்சோவும் உடன் பணியாற்றியோரும் முதுகெலும்பு அறுவையில் இம்மாதிரிகளின் பயன்பாடு பற்றி 1999-இல் 'ஸ்பைன்' ஆய்விதழில் எழுதினர். 2015-இல் சிட்னியில் ரால்ஃப் மாப்ஸ், புற்றுநோயால் தாக்குண்ட மேலிரு கழுத்து முள்ளெலும்புகளை அகற்றி அச்சிட்ட டைட்டானியப் பொருத்தியை வைத்தார். அவ்வறுவைக்கு முன் அச்சு மாதிரிகளில் ஒத்திகை பார்க்கப்பட்டது.

செய்முறை

ஏறத்தாழ 1 மிமீ அல்லது அதனிலும் மெல்லிய வெட்டுகளாக எடுக்கப்பட்ட படங்களில், அடர்த்தி அளவை வைத்து எலும்பு மட்டும் பிரித்தெடுக்கப்படுகிறது. அதன் மேற்பரப்பு சிறு முக்கோணங்களால் ஆன கோப்பாக மாற்றப்பட்டு, அடுக்கடுக்காக அச்சிடப்படுகிறது. அச்சிடுவதைவிடப் பிரித்தெடுப்பதே கடினமான பணி எனலாம். எலும்புத் தேய்வு உள்ளோரின் மெல்லிய எலும்பு கணினிக்குப் புலப்படாமல், மாதிரியில் பொய்யான ஓட்டைகள் விழும். அடுத்தடுத்த மூட்டுகள் ஒன்றாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு வெட்டையும் மனிதக் கண் சரிபார்த்தல் வேண்டும்.

வரம்புகள்

சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். அறுவையின்போது பெரும்பாலும் குப்புறக் கிடத்தப்படுவார். இதனால் முள்ளெலும்புகள் ஒன்றுக்கொன்று அமைந்துள்ள நிலை மாறும். ஒரு தனி முள்ளெலும்பின் வடிவத்தை மாதிரி காட்டுவதுபோல முழு வளைவையும் நம்பத்தக்க வகையில் காட்டுவதில்லை. தண்டுவடம், நரம்புகள் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டின் எம்.ஆர்.ஐ. படங்களை இணைக்க வேண்டும்.

மாதிரியை அறுவை அரங்கினுள் கொண்டுசெல்வதாயின் பொருளின் தேர்வு முதன்மையானது. மலிவான பாலிலாக்டிக் அமில இழை 60 பாகை செல்சியசு அளவிலேயே இளகத் தொடங்கும். நீராவிக் கிருமியழிப்போ 121 பாகை அல்லது அதற்கு மேல் நிகழ்வது. எலும்பின்மேல் பொருந்தித் துளையின் திசையைக் காட்டும் வழிகாட்டி அச்சுகள், உருக்குலைந்தால் திருகாணியைத் தவறான வழியில் செலுத்திவிடும் என்பதால், வெப்பம் தாங்கும் நைலான் போன்றவற்றில் செய்யப்படுகின்றன.