கூலி தருபவன் யார்?

உழைத்தால்தான் உலை கொதிக்கும் என்ற நிலையிலுள்ளவன், நாடாளும் மன்றத்திலே எங்ஙனம் அமர முடியும்? பிரிட்டனின் பாட்டாளிகள் எழுப்பிய கேள்வி இது. அங்கே காமன்ஸ் சபை உறுப்பினருக்கு நெடுங்காலம் சம்பளம் கிடையாது. சீமான்கள் அதனைத் தியாகம் என்றனர். தியாகமா அது? அல்ல, தோழர்களே! இல்லாதவன் உள்ளே நுழையாதிருக்க இடப்பட்ட தாழ்ப்பாள்!

1838-இல் எழுந்த மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளிலே, உறுப்பினருக்குச் சம்பளம் என்பதும் ஒன்று. 1842-இல் 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனுவைச் சபை தள்ளிற்று. பின்னர், தொழிற்சங்கங்கள் தம் நிதியால் தொழிற்கட்சி உறுப்பினர்களைத் தாங்கின. 1909-இல் ஆஸ்போர்ன் வழக்கின் தீர்ப்பு அதனையும் தடுத்தது. 1911-இலேதான், லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சராயிருந்தபோது, ஆண்டுக்கு 400 பவுன் சம்பளம் வந்தது.

அச்சம்பளத்தின் பொருள் என்ன? மக்கள் தரும் கூலி. ஆகவே, மக்களுக்கே ஊழியம்!

ஆனால், பணம் படைத்தோர் வாளாவிருப்பரோ? சபைத் தலைவர் ஜான் டிரெவர், ஒரு மசோதாவுக்குத் துணைநின்றதற்காக இலண்டன் மாநகராட்சியிடம் 1,000 கினி பெற்று, 1695-இலேயே வெளியேற்றப்பட்டார். நூற்றாண்டுகள் கடந்தும் நோய் தீரவில்லை. உறுப்பினர் வெளிவேலை பார்க்கலாம். கூலி கொடுத்தவருக்காக அரசிடம் வாதாடலாகாது என்பது அச்சபையின் விதி. கன்சர்வேடிவ் உறுப்பினர் ஓவன் பேட்டர்சன், தமக்கு ஆண்டுக்கு 1,00,000 பவுனுக்கு மேல் தந்த இரு நிறுவனங்களுக்காக அவ்விதியை மீறினார் என, 2021-இல் ஒழுங்குக்குழு கண்டு, 30 நாள் இடைநீக்கம் பரிந்துரைத்தது. அவர் குற்றத்தை மறுத்தார். அன்று உறுப்பினரின் சம்பளமோ 82,000 பவுனுக்கும் சற்றுக் குறைவு!

மருத்துவம் அறிந்த உறுப்பினர் நோயாளியைப் பார்ப்பதை நாம் குறைகூறவில்லை. உறுப்பினர் பதவியையே சரக்காக்கி விற்பதைத்தான் கண்டிக்கிறோம். ஏனெனில், அங்கே விலைபோவது அவர் நேரமல்ல. வாக்களித்தவன் தந்த நம்பிக்கை!

நவம்பர் 3 அன்று ஆளுங்கட்சி, தன் பெரும்பான்மையைக் கொண்டு தண்டனையை நிறுத்திவைத்து, விசாரணை முறையையே மாற்ற முனைந்தது. 250 பேர் ஆதரவு. 232 பேர் எதிர்ப்பு. நாடு கொதித்தது. மறுநாளே அரசு பின்வாங்கிற்று, அவரும் விலகினார். டிசம்பர் இடைத்தேர்தலிலே, ஏறத்தாழ 23,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்த வடக்கு ஷ்ராப்ஷயர் தொகுதியை அக்கட்சி லிபரல் டெமாக்ரட்டுகளிடம் இழந்தது.

சபை மன்னிக்க விரும்பிற்று, மக்கள் மன்னிக்கவில்லை! தேர்ந்தெடுத்தவரிடம், 'உமக்கு வேறு யார் கூலி தருகிறார்?' என்று கேட்பது அவமதிப்பல்ல; குடியாட்சியின் உயிர்மூச்சு. கேட்போம், ஒவ்வொரு தேர்தலிலும்!