திறனடிப்படைக் கலைத்திட்டமும் ஜொகூர் கல்லூரிகளின் ஆங்கிலமும்

ஒரு மாணவர் எத்தனை பாடங்களைப் படித்து முடித்தார் என்பதை விட்டு, படித்ததைக் கொண்டு அவரால் என்ன செய்ய முடிகிறது என்பதை அளவுகோலாகக் கொள்ளும் பாட அமைப்பு திறனடிப்படைக் கலைத்திட்டம் எனப்படும். மொழிப்பாடத்தில் இதன் பொருள் எளிது. இறந்தகால வினைச்சொற்களை வரிசையாக ஒப்புவிப்பதைத் திறன் என்று சொல்ல முடியாது. நேற்று இயந்திரம் ஏன் நின்றது என்று மேற்பார்வையாளரிடம் நாலு வாக்கியத்தில் விளங்கச் சொன்னால் அது திறன்.

தீபகற்ப மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜொகூரில் உயர்கல்வி நிறுவனங்கள் பல. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பத்து பகாட் மாவட்டத்துப் பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம், பாசிர் கூடாங்கில் இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக், தங்காக்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரி, பல ஊர்களில் தொழிற்கல்லூரிகள் என்று அவை பரந்து கிடக்கின்றன. இவற்றில் ஆங்கிலம் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. அந்த ஆங்கிலப் பாடம் திறனடிப்படைக்கு மாறிவருவதையும், அதனால் தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் மாணவருக்கு நேர்வதையும் இக்கட்டுரை கூறுகிறது.

பின்னணி

ஜொகூர் பாருவில் 1914 இல் ஆங்கிலக் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்று சுல்தான் அபு பாக்கார் கல்லூரி என்று அறியப்படும் பள்ளி அதுதான். அக்காலத்தில் ஆங்கிலம் பயிற்றுமொழி. கணக்கும் வரலாறும் அதன் வழியாகவே வந்தன. 1970 இல் தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக, ஆங்கிலப் பள்ளிகள் மலாய் வழிக்கு மாறின. எழுபதுகள் கழிந்து எண்பதுகள் பிறந்தபோது ஆங்கிலம் வாரத்துக்குச் சில மணி நேரப் பாடமாகச் சுருங்கியிருந்தது. பல்கலைக்கழக நூலகத்து அடுக்குகளில் மட்டும் ஆங்கில நூல்களே நிறைந்திருந்தன. மலாயில் விரிவுரை கேட்டு ஆங்கிலத்தில் நூல் படிக்கும் தலைமுறை ஒன்று உருவாயிற்று. அவர்களுக்காக மலாயாப் பல்கலைக்கழகம் தனியே ஒரு திட்டம் வகுத்தது. பேசவும் எழுதவும் பழக்குவதைக் காட்டிலும், துறைநூலைப் படித்துப் பொருள் கொள்ளப் பழக்குவதே அதன் நோக்கமாக இருந்தது.

ஆகவே 'திறன்' என்ற பேச்சு மலேசியாவுக்குப் புதிதல்ல. 1970களின் நடுவிலேயே இடைநிலைப்பள்ளியின் நான்காம், ஐந்தாம் படிவங்களுக்கு ஒரு பாடத்திட்டம் வந்தது. இலக்கணத் தலைப்புகளுக்குப் பதிலாக, தொலைபேசிச் செய்தியைக் குறித்துக்கொள்வது போன்ற அன்றாடச் செயல்களை வரிசைப்படுத்திய திட்டம் அது. இலக்கணப் பாடம் நடத்தியே பழகிய ஆசிரியர்களுக்கு அது பெருஞ்சுமையாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில், 1979 முதல் 1984 வரை, பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் மொழிக்கல்வியாளர் என். எஸ். பிரபு தலைமையில் ஒரு முயற்சி நடந்தது. இரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துக் கணக்குப் போடச் செய்து, அந்த யோசனையின் ஊடாகவே ஆங்கிலம் படியும் என்று அவர் காட்ட முயன்றார். மொழியைப் பயன்படுத்தித்தான் மொழி கற்க முடியும் என்பதே இரண்டு முயற்சிகளுக்கும் அடிப்படை.

இரண்டு வழிகளில் வந்த மாற்றம்

இப்போதைய மாற்றம் இரு திசைகளிலிருந்து வந்து கல்லூரியில் கூடுகிறது. ஒன்று, மேலிருந்து வரும் தர விதி. 2007 இல் அமைக்கப்பட்ட மலேசியத் தகுதிநிலை நிறுவனம், எந்தப் படிப்பாக இருந்தாலும் அதன் முடிவில் மாணவர் செய்து காட்ட வேண்டியவை எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சான்றிதழ் முதல் முனைவர் பட்டம் வரை எட்டு நிலைகள். ஒரு மதிப்பலகுக்கு மாணவரின் உழைப்பு 40 மணி நேரம். தகவல் தொடர்புத் திறன் எல்லாப் படிப்புக்கும் உரிய விளைவுகளில் ஒன்று. பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் மலேசியா 2009 இல் முழு உறுப்பினரானதும் இந்தப் பிடி இன்னும் இறுகியது. அதுவரை ஓரமாக இருந்த ஆங்கில விரிவுரையாளர், பொறியியல் பட்டத்தின் அங்கீகாரத்துக்கே கணக்குக் காட்ட வேண்டியவர் ஆனார்.

மற்றொன்று, பள்ளியிலிருந்து ஏறிவரும் அலை. ஐரோப்பிய மன்றம் 2001 இல் வெளியிட்ட பொது மொழிச் சட்டகத்தை (சி.இ.எஃப்.ஆர்.) மலேசியா தன் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள். ஒவ்வொரு படியும் 'செய்ய முடியும்' என்ற வாக்கியங்களால் ஆனது. 2015 முதல் 2025 வரைக்கான ஆங்கில மொழிக் கல்விச் சீர்திருத்த வரைவு, தொடக்கப்பள்ளி முடிக்கும்போது ஏ2, இடைநிலைப்பள்ளி முடிக்கும்போது பி1 அல்லது பி2, பல்கலைக்கழக நுழைவுக்கு முந்தைய படிப்பில் பி2, பல்கலைக்கழகத்தில் பி2 அல்லது சி1 என்று இலக்கு வைத்தது. 2017 இல் முதலாம் ஆண்டிலும் முதலாம் படிவத்திலும் இது வகுப்புக்குள் வந்தது. அவ்வாண்டு முதலாம் படிவத்தில் இருந்தவர்களே 2021 ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். என்னும் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வை எழுதி, 2022 இல் கல்லூரிகளுக்குள் நுழைந்தார்கள். புதிய முறையில் ஐந்தாண்டு படித்த முதல் அணி அது.

மியூவெட் தேர்வு

பொதுப் பல்கலைக்கழகத்துக்குள் போக, மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு (மியூவெட்) எழுதியாக வேண்டும். 1999 முதல் நடக்கும் இத்தேர்வில் நெடுங்காலம் வாசிப்புக்கு 40 விழுக்காடு, எழுத்துக்கு 30, கேட்டலுக்கும் பேச்சுக்கும் தலா 15 என்று மதிப்பெண் பிரிந்திருந்தது. இந்தப் பங்கீடு வகுப்பறையைத் தன் வடிவுக்கு வளைத்தது. பதினைந்து விழுக்காட்டுக்காக யார் வாய் திறப்பார்? பேச்சுக்குரிய பாடவேளையும் வாசிப்புப் பயிற்சித்தாளுக்குப் போனது.

2021 முதல் நான்கு திறன்களுக்கும் சமமாக 25 விழுக்காடு. தரப்படிகள் சி.இ.எஃப்.ஆர். படிகளோடு பொருத்தப்பட்டன: 3.0, 3.5 என்பன பி1, 4.0, 4.5 என்பன பி2, 5.0 என்றால் சி1. எழுத்துத் தாளில் அட்டவணையைப் பார்த்து அறிக்கை எழுதும் வினா போய், கடிதமோ மின்னஞ்சலோ எழுதும் பணி வந்தது. இந்தச் சீர்திருத்தம் முழுவதிலும் கல்லூரி வகுப்பை உண்மையில் அசைத்தது இந்த மதிப்பெண் பங்கீடுதான் என்பது என் முடிவு. எத்தனை சுற்றறிக்கை வந்தாலும், தேர்வு எதை எண்ணுகிறதோ அதையே மாணவர் படிப்பார். ஆசிரியரும் அதையே நடத்துவார்.

வகுப்பறையில்

பழைய பாடவேளை ஒரு பத்தியோடு தொடங்கும். விரிவுரையாளர் வாசிப்பார், அருஞ்சொற்களைப் பலகையில் எழுதுவார், பத்துக் கேள்விகள் கேட்பார். மணி அடிக்கும். திறனடிப்படையில் பாடவேளை முடிவிலிருந்து பின்னோக்கிக் கட்டப்படுகிறது. இன்று வெளியேறும்போது மாணவர் என்ன செய்து காட்டுவார்? அதற்கு எந்தச் சொற்கள், எந்த வாக்கிய அமைப்பு வேண்டும்? அவற்றை எத்தனை முறை பழகினால் கைவரும்? இலக்கணம் இங்கே தள்ளுபடி ஆவதில்லை, அதன் இடம் மாறுகிறது. பணிக்குத் தேவைப்படும் வேளையில் அது கற்பிக்கப்படுகிறது.

பாசிர் கூடாங்கையே எடுத்துக்கொள்ளலாம். துறைமுகமும் வேதிப்பொருள் ஆலைகளும் நிறைந்த ஊர். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக்கழிவால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. வேலையிடத்து வேதிப்பொருளுக்கான பாதுகாப்புத் தாள் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கின்றன 2013 ஆம் ஆண்டு விதிமுறைகள். இந்தத் தாளைவிட நல்ல பாடநூல் அவ்வூர் பாலிடெக்னிக் மாணவருக்கு எது? இரு மொழித் தாள்களையும் அருகருகே வைத்து, கண்ணில் பட்டால் என்ன செய்வது, தீப்பிடித்தால் எதை ஊற்றக் கூடாது என்று கண்டுபிடிக்கலாம். பின்பு புதிதாக வந்த தொழிலாளிக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டலாம். கட்டளை வாக்கியம், நிபந்தனை வாக்கியம் இரண்டும் தேவை கருதியே வந்துவிடும். பி1 நிலை மாணவரும் இதைச் செய்வார்; சி1 நிலை மாணவர் இன்னும் நுணுக்கமாகச் செய்வார். ஒரே பணி, பல படிகள்.

தொழில்பயிற்சித் துறையில் இந்தச் சிந்தனை முன்பே வேரூன்றியிருந்தது. 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் தேசியத் தொழில்திறன் தரநிலைகள், பற்றவைப்பவர் முதல் சமையல்காரர் வரை ஒவ்வொருவரும் செய்து காட்ட வேண்டியதைப் படிநிலையாக வகுத்திருக்கின்றன. ஆனால் பற்றவைப்பும் மொழியும் ஒன்றல்ல. பற்று உறுதியாக நின்றால் திறன் உறுதி. மொழித்திறனோ கேட்பவர், இடம், அச்சம், களைப்பு எல்லாவற்றோடும் ஏறி இறங்கும். 'செய்ய முடியும்' என்ற வாக்கியங்களைப் பெட்டியில் சரிக்குறி போடும் பட்டியலாகச் சுருக்கினால் கலைத்திட்டம் செத்துவிடும். கற்றல் விளைவுகளைப் பட்டத்தின் விளைவுகளோடு இணைக்கும் அட்டவணைகளை நிரப்புவதிலேயே விரிவுரையாளரின் மாலைப்பொழுது கரைந்தால், மாணவர் பேச்சைக் கேட்க அவருக்கு நேரம் எங்கே?

மூன்றாம் மொழி

பாடத்திட்டம் ஆங்கிலத்தை இரண்டாம் மொழி என்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளைக்கு அது மூன்றாவது. வீட்டிலும் பள்ளியிலும் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய்; முன்பெல்லாம் பலர் இடையில் மலாய் பழக ஓராண்டு புகுமுக வகுப்பிலும் இருந்துவிட்டுத்தான் முதலாம் படிவம் போனார்கள். ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; அவற்றில் பல தோட்டங்களில் பிறந்தவை. அங்கிருந்து வரும் பிள்ளை கல்லூரியில் பி1 பெற்றால் 'பலவீனமானவர்' என்று ஏட்டில் பதியப்படுகிறார். அவர் மூன்று மொழியில் இயங்குகிறார் என்று எந்த ஏட்டிலும் பதிவதில்லை. இது அநீதி.

கற்பித்தலுக்கும் இது இழப்பு. மூன்று மொழிகளை அருகில் வைத்துப் பார்த்தால் தெரியும். மலாயில் 'சயா பெர்கி, டியா பெர்கி, மெரேக்கா பெர்கி' என்று யார் போனாலும் வினை மாறாது. போனதா, போகப்போவதா என்பதைச் 'சுடா', 'அக்கான்' போன்ற தனிச்சொற்களே காட்டும். தமிழில் 'போகிறேன், போகிறான், போகிறார்கள்' என்று எழுவாய்க்கு ஏற்ப வினை முடியும். காலமும் வினைக்குள்ளேயே இருக்கும். ஆங்கிலம் 'ஹி கோஸ்' என்று ஒரே ஓர் ஒலியைக் கூட்டும்போது, எழுவாயோடு வினை இசையும் என்ற கருத்து தமிழ் மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்தது. அதைச் சுட்டிக் காட்டினால் போதும். சொல்வரிசையில் மலாய் கைகொடுக்கும்: எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று மலாயும் ஆங்கிலமும் ஒன்றாக நடக்க, தமிழில் வினை கடைசியில் நிற்கிறது. 'அவர் ஆசிரியர்', 'டியா குரு' என்று தமிழும் மலாயும் இரண்டே சொல்லில் முடிப்பதற்கு ஆங்கிலத்தில் 'இஸ்' கட்டாயம். 'ஏ', 'தி' என்ற சுட்டுகளுக்கு நேரான வழக்கம் இரு மொழியிலும் இல்லை. ஆகவே அங்கேதான் பயிற்சி நேரத்தைச் செலவிட வேண்டும். எந்தப் பிழை எந்த மொழியின் பழக்கத்திலிருந்து வருகிறது என்று அறிந்த ஆசிரியர் பாதித் திருத்தத்தை மிச்சப்படுத்துவார்.

இதற்கு இடம் தரும் விதி அந்த ஐரோப்பியச் சட்டகத்துக்குள்ளேயே உண்டு. 2020 இல் இறுதி வடிவம் பெற்ற அதன் துணைநூல், ஒரு மொழியில் இருப்பதை மற்றொரு மொழியில் இன்னொருவருக்கு விளங்கவைக்கும் இடையீட்டுத் திறனுக்கும் பன்மொழித் திறனுக்கும் தனி அளவுகோல்கள் தருகிறது. குளுவாங் மருத்துவமனையிலிருந்து வந்த மலாய்க் கடிதத்தைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லி, மாத்திரை உறையில் உள்ள ஆங்கிலத்தையும் படித்துக் காட்டும் பேத்தி, சட்டகம் கேட்கும் இடையீட்டைச் சிறுவயது முதல் செய்துவருகிறாள். வகுப்பில் அதற்கு மதிப்பெண் இல்லை. 'ஆங்கிலம் மட்டும் பேசு' என்ற சுவரொட்டி அவளுடைய வலிமையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

விரிவுரையாளர்கள்

சீர்திருத்த வரைவு ஆங்கில ஆசிரியரிடம் குறைந்தது சி1 எதிர்பார்க்கிறது. மொழித் தேர்ச்சி வேண்டியதே. ஆனால் பிறர் பேச்சைக் கேட்டு எந்தப் படி என்று நிதானிக்கும் பயிற்சி வேறு. அதற்கு ஒரே பேச்சுப் பதிவைப் பல விரிவுரையாளர்கள் சேர்ந்து கேட்டு, தனித்தனியே மதிப்பிட்டு, வேறுபாட்டை விவாதிக்க வேண்டும். ஒரு பாடவேளைக்கு முப்பது, நாற்பது மாணவர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவர் பேச்சையும் கேட்பது நடவாது. சிறு குழுக்களாகப் பிரிப்பதும், மாணவர் தம் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து தருவதும், பருவம் முழுவதும் சேர்த்த படைப்புக் கோப்பைப் பார்ப்பதுமே நடைமுறைக்கு ஒத்த வழிகள்.

ஜொகூர் பாருவிலுள்ள தெமெங்கோங் இப்ராஹிம் வளாகம், பத்து பகாட்டிலுள்ள துன் ஹுசேன் ஓன் வளாகம் ஆகிய இரு ஆசிரியர் கல்விக் கழகங்களும் இம்மாநிலத்திலேயே இருக்கின்றன. மும்மொழி மாணவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஆய்ந்து வகுக்க இவற்றைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஐரோப்பிய மன்றத்தின் துணைநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஜொகூரின் ஆங்கில விரிவுரையாளர்கள் அதன் இடையீட்டு அளவுகோல்களை எடுத்து, வரும் பருவத்தின் முதல் வாரத்திலேயே தம் மாணவரிடம் வீட்டில் யாருக்கு எந்த மொழியில் எதைச் சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.