கணினி முதலில் கண்ட சுழி

உங்கட தலையில் ஒரு சுழி இருக்கும். சிலருக்கு இரண்டு. சீப்பால் இந்தப் பக்கம் இழுங்கோ, அந்தப் பக்கம் இழுங்கோ, எண்ணெய் வைத்துப் படிய வாருங்கோ, சுழி மட்டும் போகாது. ஏனென்றால் பிழை எந்தத் தனி மயிரிலும் இல்லை. சுற்றியிருக்கிற மயிர் எல்லாம் சேர்ந்து ஒரு வட்டம் திரும்பி நிற்கிறது. அந்தத் திருப்பம்தான் சுழி.

நாங்கள் இங்கே கதைக்கப்போகிற சுழி தலையில் இல்லை. சில நனோமீற்றர் அளவேயான ஒரு பளிங்குத் துண்டுக்குள் இருக்கிறது. அதை முதலில் கண்டது நுணுக்குக்காட்டி இல்லை, கணினி. கணினி சொன்னது 2004இல். அப்படியான சுழிகள் வரிசையாக நிற்கிற படம் வெளிவந்தது 2016இல். இடையில் இருந்த 12 வருடத்தில் அதை என்னவென்று சொல்வது? கண்டுபிடிப்பா, கற்பனையா? பதில் வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

பேதி மருந்தில் தொடங்கின கதை

17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லா ரோஷெல் நகரத்தில் செனியெட் என்ற மருந்துக்காரர் ஓர் உப்பைச் செய்தார். வயிறு கழுவக் கொடுக்கிற மருந்து. அது இருநூறு வருடம் மருந்தாகவே விற்பட்டது. 1880இல் கியூரி சகோதரர்கள் அதன் பளிங்கை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதைக் காட்டினார்கள். 1920இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வாலசெக் என்ற ஆராய்ச்சி மாணவர் இன்னும் விசித்திரமான ஒன்றைக் கண்டார். மின்புலத்தைக் கொடுத்து, பிறகு எடுத்துவிட்டாலும் அந்தப் பளிங்கு திசையை மறக்கவில்லை. எதிர்ப்பக்கமாக மின்புலம் கொடுத்தால் திசை புரண்டது. காந்தம் செய்கிற அதே வேலை, மின்னில். இரும்பே இல்லாத இந்தப் பொருட்களுக்கு இரும்பின் இலத்தீன் பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான்: ஃபெரோஇலெக்ட்ரிக்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொள்ளளவிகளுக்குப் புதுப் பொருள் தேடியவர்கள் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் மூன்று இடத்திலும் தனித்தனியாக பேரியம் டைட்டனேற்றில் வந்து நின்றார்கள். அதன் அமைப்பு எளிமையானது. ஒரு பெட்டி, மூலைகளில் பேரியம், முகங்களின் நடுவில் ஒட்சிசன், பெட்டியின் நடுவில் டைட்டேனியம். ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அந்த டைட்டேனியம் நடுவை விட்டு ஒரு பக்கம் விலகும். விலகல் ஒரு நனோமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் அதுவே ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அம்புக்குறியைக் கொடுத்துவிடுகிறது. அம்புகளின் கூட்டுத்தொகையைத்தான் முனைவாக்கம் என்கிறோம்.

எதை அளக்கிறோம் என்றே தெரியாத காலம்

இவ்வளவும் உயர்தரப் பௌதிகவியல் புத்தகத்து விளக்கம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு கொப்பியில் + − + − + − என்று முடிவில்லாமல் எழுதுங்கோ. இப்போது ஜோடி பிரியுங்கோ. (+ −) என்று பிரித்தால் அம்பு ஒரு பக்கம். (− +) என்று பிரித்தால் அம்பு மறுபக்கம். வரிசை ஒன்றுதான், விடை இரண்டு! பளிங்கும் இப்படி முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வருகிற வரிசைதான். அப்படியென்றால் அதன் முனைவாக்கம் எவ்வளவு?

வாலசெக்குக்குப் பிறகு 70 வருடம் ஆய்வுகூடங்கள் இந்த அளவை அளந்துகொண்டே இருந்தன. ஆனால் அது என்ன என்று கணக்கில் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. 1992இல் ரஃபாயெலே ரெஸ்டாவும், 1993இல் கிங்-ஸ்மித், வாண்டர்பில்ட் இருவரும் கேள்வியையே மாற்றினார்கள். 'எவ்வளவு இருக்கிறது' என்று கேட்காதே. பளிங்கு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும்போது 'எவ்வளவு மின்னேற்றம் ஓடியது' என்று கேள். அந்த வித்தியாசத்தை இலத்திரன் அலைகளின் கட்டத்திலிருந்து கணக்கிடலாம். ஆய்வுகூடக் கருவியும் அதுவரை அளந்தது அந்த ஓட்டத்தைத்தான். கேள்வி சரியானதும் கணினிக்கு வேலை வந்தது.

1994இல் சோங், வாண்டர்பில்ட், ரேப் மூவரும் பேரியம் டைட்டனேற்றைக் கணினிக்குள் கட்டினார்கள். எல்லா இலத்திரனையும் ஒரேயடியாகக் கணக்கிட எந்தக் கணினியும் தாங்காது. ஆகவே இலத்திரன் கணக்கைச் சிறிய துண்டில் செய்து, அதிலிருந்து அம்புகளுக்கான சக்திச் சூத்திரத்தை எடுத்தார்கள். பிறகு மொன்டி கார்லோ முறை: ஓர் அம்பைத் தொட்டுக் கொஞ்சம் அசை. சக்தி குறைந்தால் ஏற்றுக்கொள். கூடினால், வெப்பநிலை எவ்வளவு அனுமதிக்குமோ அவ்வளவு வாய்ப்போடு ஏற்றுக்கொள். இதைத் திரும்பத் திரும்ப, இலட்சக்கணக்கான தடவை செய். 1953இல் வந்த இந்த முறைக்கு மெட்ரோபொலிஸின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் லொஸ் அலமோஸில் அதை முதலில் நிரலாக எழுதி ஓடவிட்டவர் அரியானா ரோசன்ப்ளூத் என்ற பெண். அவரின் பெயரையும் சொல்லிப் பழகுவோம்.

விடை எப்படி? குளிரக் குளிர பேரியம் டைட்டனேற்று எடுக்கிற நான்கு வடிவங்களும் சரியான ஒழுங்கில் வந்தன. ஆனால் முதல் மாற்றம் நடக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 100 பாகை குறைவாக வந்தது. அந்தப் பிழையை மறைக்காமல் அப்படியே எழுதினார்கள். இதை நினைவில் வைத்திருங்கோ.

அம்புகள் சுழன்ற நாள்

இப்போது ஒரு சின்னத் தட்டை நினையுங்கோ. அம்புகள் எல்லாம் மேலே பார்த்து நின்றால் மேல்முகத்தில் நேர் ஏற்றமும் கீழ்முகத்தில் மறை ஏற்றமும் சேரும். அந்த ஏற்றங்கள் உண்டாக்கும் மின்புலம் அம்புகளையே எதிர்த்துத் தள்ளும். துண்டு சிறிதாகச் சிறிதாக இந்தத் தொல்லை கூடும். அம்புகள் அழிந்துபோகும் என்றுதான் பலர் நினைத்தார்கள்.

2004இல் ஆர்கன்சோ பல்கலைக்கழகத்தின் நௌமோவ், பெல்லாயிஷ், ஃபூ மூவரும் ஈயம், சேர்கோனியம், டைட்டேனியம் கலந்த ஒட்சைட்டில் சில நனோமீற்றர் அகலத் தட்டுகளைக் கணினியில் குளிரவைத்தார்கள். அம்புகள் அழியவில்லை. ஒன்றின் பின்னால் ஒன்றாக வளைந்து, வட்டமாகச் சுழன்று நின்றன. வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே ஏற்றம் சேர முகமும் இல்லை.

சுழியின் நடுவைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தால் அம்பு ஒரு முழு வட்டம் திரும்பியிருக்கும். அந்த எண்ணிக்கை 1. அதை 0.9 ஆக்க முடியாது. முக்கால் சுழி என்று ஒன்று இல்லை. விளிம்புக்குத் தள்ள வேண்டும், அல்லது ஓர் எதிர்ச்சுழி வந்து மோத வேண்டும். சும்மா வாரி எடுக்க முடியாத இப்படியான குறையைத்தான் இடவியல் குறை என்கிறார்கள்.

சந்தேகப்படக் காரணமும் இருந்தது. காந்தத்தில் வட்டமாக மூடுகிற அமைப்பை லாண்டௌவும் லிஃப்ஷிட்ஸும் 1935இலேயே வரைந்துவிட்டார்கள். ஆனால் இந்தப் பளிங்குகளில் அம்பு திரும்பினால் பெட்டியின் வடிவமும் கூடவே இழுபடும். அதற்குச் சக்தி அதிகம் செலவாகும். இவ்வளவு மென்மையாக வளையுமா?

2011இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு நிலையத்தில் அம்புகள் தொடர்ச்சியாக வளைவதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அணு அணுவாகப் பார்த்தார்கள். 2016இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் ரமேஷ், மார்ட்டின் குழுவினர் ஈய டைட்டனேற்றையும் ஸ்ட்ரோன்சியம் டைட்டனேற்றையும் சில நனோமீற்றர் தடிப்பில் மாறி மாறி அடுக்கினார்கள். அடுக்குக்குள் சுழிகள், ஒன்று வலஞ்சுழி, அடுத்தது இடஞ்சுழி, வரிசையாக. 2019இல் அதே வகை அடுக்குகளில், அறை வெப்பநிலையிலேயே, இன்னும் சிக்கலான ஸ்கேர்மியன் என்ற முடிச்சுகளும் வந்தன.

அப்போ அது கண்டுபிடிப்பா?

கவனியுங்கோ, கணினி சொன்னது தனித்து நிற்கிற தட்டு. பேர்க்லியில் கிடைத்தது அடுக்கு. ஆகவே கணினி இடத்தைச் சரியாகச் சொன்னது என்று நாங்கள் சொல்லமாட்டோம். அது காரணத்தைச் சரியாகச் சொன்னது: ஏற்றத்தை இறக்கிவைக்க இடமில்லாத அம்பு வளையும்.

அதை நம்பியதற்கு மூன்று ஆதாரம் இருந்தது. 'சுழி வா' என்று எவரும் நிரலில் எழுதவில்லை; விதிகள் இலத்திரன் கணக்கிலிருந்து வந்தன. விடை தெரிந்த கேள்வியில் அந்த வழிமுறையை முதலில் சோதித்து, பிழையையும் வெளியே சொன்னார்கள். மூன்றாவது, பொய்யென்று நிரூபிக்கக்கூடிய ஒன்றை அது துணிந்து சொன்னது. இன்றைக்கு இயந்திரம் எதைச் சொன்னாலும் நம்பவும் ஆளிருக்கிறது, ஒன்றையும் நம்பாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் இந்த மூன்று கேள்வியும் பயன்படும். 2004இல் பேசப்பட்ட சுழி நினைவகம் மட்டும் இன்னும் எங்கட கைபேசிக்குள் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்களிடம் அந்த நுணுக்குக்காட்டி இல்லை. மடிக்கணினி இருக்கிறது. ஒரு சதுரக் கட்டத்தில் அம்புகளை வையுங்கோ. பக்கத்து அம்புகள் ஒரே திசையில் நின்றால் சக்தி குறைவு என்று ஒரே ஒரு விதி எழுதுங்கோ. ரோசன்ப்ளூத் ஓடவிட்ட அந்த முறையில் சட்டென்று குளிரவையுங்கோ. நூறு வரி நிரல் போதும். நீங்கள் கேட்காமலே சுழிகள் தோன்றும், எதிர்ச்சுழிகளைச் சந்தித்து அழியும். எப்படி வாரினாலும் சில மிஞ்சும்.