திருப்பி வைத்த ஒரு காசு

ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் என்றதும், உணர்ச்சியை மேடையிலிருந்து விரட்டியவர் என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. பார்வையாளர்களிடம் அவர் நாடகங்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது. 1939இல் அவர் எழுதிய ‘மதர் கரேஜ்’ 1941இல் ஜூரிக்கில் முதன்முதலாக மேடையேறியது. முப்பதாண்டுப் போரில் படைகளின் பின்னே வண்டியிழுத்துச் சரக்கு விற்று, மூன்று பிள்ளைகளையும் பறிகொடுக்கிறவளின் கதை அது. போரை வைத்துப் பிழைப்பவளிடம் போர் என்ன விலை கேட்கும் என்று காட்டவே பிரெக்ட் எழுதினார். ஜூரிக்கிலோ அவளைத் தாய்மையின் உருவமாகக் கொண்டாடினார்கள். எழுதியவர் கேட்ட கேள்வி கண்ணீரில் கரைந்துபோனது.

அதனால் அவர் பிரதியைத் திருத்தினார். 1949 ஜனவரியில் பெர்லினில் மேடையேறியபோது, இடுப்புவார்க் கொக்கி ஒன்றுக்கு அவள் பேரம் பேசும் நேரத்தில்தான் மூத்த மகனைப் படைக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடச் சட்டைகள் கேட்டால் அவள் தர மறுக்கிறாள், பிடுங்க வேண்டியிருக்கிறது. அப்படியும் பெர்லினில் அழுதார்கள். அப்படியானால் அவருடைய அந்நியப்படுத்தல் கோட்பாடு தோற்றுவிட்டதுதானே என்று கேட்கலாம். அழுகையை ஒழிப்பதுதான் அதன் நோக்கம் என்றால், தோல்விதான். ஆனால் 1948இல் எழுதிய நாடகக் கோட்பாட்டு நூலிலேயே, அரங்கின் முதல் வேலை இன்பம் தருவது என்று சொன்னவர் அவர். அந்நியப்படுத்தல் என்று அவர் கேட்டதெல்லாம் இதுதான்: பாத்திரத்துக்காக உருகுகிறவனுக்கு, அவள் வேறு மாதிரி நடந்திருக்கலாமே என்று யோசிக்கவும் இடம் வேண்டும்.

பெர்லினில் அந்தத் தாயாக ஹெலன வைகல் நடித்த விதத்தில் உருக்கமும் யோசனையும் சேர்ந்தே இருந்தன. பிடிபட்ட இரண்டாம் மகனை மீட்கக் கொடுக்க வேண்டிய லஞ்சத்தைக் குறைக்கத் தாய் பேரம் பேசி நேரம் கடத்தியதால் அவனைச் சுட்டுவிடுகிறார்கள். வெடிச்சத்தம் கேட்டதும் வைகல் தலையைப் பின்னால் சாய்த்து வாயை அகலத் திறப்பார், சத்தம் வராது. சிங்கப்பூர்க் குண்டுவீச்சில் இறந்த மகனருகே குந்தியிருந்த இந்தியத் தாய் ஒருத்தியின் பத்திரிகைப் படத்திலிருந்து அது வந்திருக்கலாம் என்று பிரெக்ட் குறித்திருக்கிறார். உணர்ச்சியை வெறுத்த ஒருவர் இந்தக் காட்சியை அனுமதித்திருக்க முடியாது. கடைசிக் காட்சியில் ஊமை மகளின் உடலைப் புதைக்கக் குடியானவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். வைகல் தோல்பையிலிருந்து சில காசுகளை எடுப்பார். அதில் ஒன்றைத் திருப்பி உள்ளே வைத்துவிட்டு, மீதியைக் கொடுத்துவிட்டு வண்டியை இழுக்கப் போவார்.