அதிகாரமும் கடப்பாடும்: ஆஸ்திரேலியக் கம்பளி வாரியங்களின் வரலாறு, 1936–2001

செம்மறி வளர்ப்போரிடமிருந்து சட்டப்படி தீர்வை பெற்று, அத்தீர்வையைக் கொண்டே அவர்தம் விளைபொருளுக்குச் சந்தை தேடித்தரும் அமைப்புகள் இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் தோன்றின. அவற்றுள் ஆஸ்திரேலியக் கம்பளி வாரியங்களைப் போல அகன்ற அதிகாரம் பெற்றவை மிகச் சில. அவற்றைப் போல வீழ்ந்தவை அதனினும் சில. 1991ஆம் ஆண்டு நேர்ந்த அவ்வீழ்ச்சியைப் பொருளியலறிஞர் பெரும்பாலும் விலை, தேக்கம் ஆகிய இரு சொற்களால் விளக்குவர். அது பிழையன்று, ஆயினும் முழுமையன்று. எந்த அதிகாரம் எவரிடம் இருந்தது, அதன் விளைவைத் தாங்கும் கடப்பாடு எவர்மேல் வைக்கப்பட்டது என்னும் சட்டவழி வினாவே இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இவ்வகைத் தீர்வை இலங்கை மலையகத்தின் வரலாற்றை அறிந்தோர்க்குப் புதிதன்று. இந்தியாவில் 1903ஆம் ஆண்டிலேயே தேயிலைத் தீர்வைச் சட்டம் இயற்றப்பட்டது. 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை அமைந்தது; ஏற்றுமதித் தேயிலையின் மீது விதிக்கப்பட்ட தீர்வையே அதன் வருவாய். கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளருக்கு அச்சபையில் குரல் இல்லை. ஆஸ்திரேலியக் கம்பளித் துறையின் நிலை இதனின்றும் வேறுபட்டது. அங்குத் தீர்வை செலுத்தியவர் தம் ஆட்டைத் தாமே வளர்த்தவர். தம் சங்கங்களின் வழியே வாரியத்தை ஆட்டிவைக்கும் வலிமையும் உடையவர். அவ்வலிமையே பின்னர் அவர்க்குக் கேடாக முடிந்தது.

1936ஆம் ஆண்டின் கம்பளி விளம்பர ஆராய்ச்சிச் சட்டம் ஆஸ்திரேலியக் கம்பளி வாரியத்தைத் தோற்றுவித்தது. சிப்பம் ஒன்றுக்கு ஆறு பென்சு தீர்வை. ரேயான் முதலிய செயற்கை இழைகள் ஆடைச் சந்தையில் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. வாரியத்திற்கு அன்று இரண்டே கடமைகள்: கம்பளியின் பயனைப் பரப்புதல், ஆராய்ச்சியை ஊக்குவித்தல். கம்பளியை வாங்கவோ விற்கவோ அதற்கு அதிகாரம் இல்லை. அடுத்த ஆண்டில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் இணைந்து லண்டனில் பன்னாட்டுக் கம்பளிச் செயலகத்தை நிறுவின. 1964இல் உலகறிந்த ‘வூல்மார்க்’ முத்திரையை வெளியிட்டது இச்செயலகமே. இழைவரிகள் சுழன்று நூற்கண்டு போல் தோன்றும் அம்முத்திரை தூய புதுக் கம்பளிக்குச் சான்றாயிற்று. அம்முத்திரையைப் பொறிக்க விரும்பிய ஆலைகள் தரவிதிகளுக்கு உட்பட வேண்டியிருந்தது. தீர்வைப் பணத்தால் விளைந்த நன்மைகளுள் ஐயத்திற்கு இடமின்றி நிலைத்தது இது ஒன்றே எனலாம்.

விலையில் கைவைக்கும் எண்ணம் விளம்பரத்திலிருந்து பிறக்கவில்லை; போரிலிருந்து பிறந்தது. 1939 முதல் 1946 வரை ஆஸ்திரேலியக் கம்பளி முழுவதையும் பிரித்தானிய அரசு நிலையான விலைக்கு வாங்கிக்கொண்டது. போர் முடிந்தபோது மூன்று நாடுகளின் கம்பளியும் சேர்ந்து ஒரு கோடிச் சிப்பத்திற்கு மேல் கிடங்குகளில் கிடந்தது. அதனை விற்றுத் தீர்க்க நெடுங்காலம் ஆகும் என்று பலரும் அஞ்சினர். எனினும் அதற்கென அமைந்த கூட்டு நிறுவனம் 1951க்குள் அனைத்தையும் இலாபத்துடன் விற்று முடித்தது. போருக்குப் பிந்திய துணிப் பஞ்சமும் கொரியப் போரின் தேவையும் கைகொடுத்த தற்செயல் அது. ஆனால், தேங்கிய கம்பளி ஒருநாள் விற்றே தீரும் என்ற நம்பிக்கை வளர்ப்போர் தலைவர்களின் மனத்தில் வேரூன்றியது. பிற்கால முடிவுகள் பலவற்றின் அடியில் இந்நம்பிக்கை கிடப்பதைக் காணலாம்.

வியப்பு யாதெனில், சாதாரண வளர்ப்போர் தம் தலைவர்களைப் போல் எளிதில் மயங்கவில்லை என்பதே. 1951இல் அடிவிலைத் திட்டம் ஒன்று அவர்களின் வாக்குக்கு விடப்பட்டபோது அதனை நிராகரித்தனர். விலை விண்ணைத் தொட்ட காலம் அது என்று அதற்குக் காரணம் கூறலாம். 1965இல் அந்நிலை இல்லை, அன்றும் நிராகரித்தனர். ஏலத்தில் தலையிடும் அதிகாரத்தை வாரியத்திற்கு அளிக்கப் பணம் செலுத்துவோர் இருமுறை மறுத்ததை இத்துறையின் வரலாற்று நூல்கள் விரைந்து கடந்துவிடுகின்றன.

1970ஆம் ஆண்டின் விலைச்சரிவு அம்மறுப்பைக் கரைத்தது. அவ்வாண்டு அமைந்த ஆஸ்திரேலியக் கம்பளி ஆணையம் ஏலத்தில் தானே விலைகேட்டுக் கம்பளி வாங்கியது. 1972–73இல் விலை ஏறியபோது விற்று இலாபமும் கண்டது. 1973இல் வாரியமும் ஆணையமும் இணைந்து ஆஸ்திரேலியக் கம்பளிக் கழகம் ஆயின. விளம்பரம், ஆராய்ச்சி, சோதனை, கிடங்கு, கொள்முதல் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் வந்தன. அடுத்த ஆண்டு உறுதியான அடிவிலை அறிவிக்கப்பட்டது. ஏலத்தில் விலை அதற்குக் கீழே சென்றால் கழகம் வாங்கியே ஆகவேண்டும். இழப்பு நேர்ந்தால் அதனை ஈடுசெய்ய வளர்ப்போரின் வருவாயில் நூற்றுக்கு ஐந்து பங்கு சந்தைத் தாங்கு நிதிக்குச் சென்றது. விலையை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் பொறுப்பு அமைச்சரிடம் இருந்தது. இந்த ஏற்பாட்டில் குறைகள் இருப்பினும் ஒரு தடுப்பு இருந்தது: விலையேற்றத்தால் பயன்பெறுவோர் கையில் விலை நிர்ணயம் இல்லை.

அத்தடுப்பு 1987இல் அகற்றப்பட்டது. அடிவிலையை வகுக்கும் உரிமை வளர்ப்போரின் பேரவையான ஆஸ்திரேலியக் கம்பளிப் பேரவையிடம் சென்றது. கழகம் வாங்கும் கடமையுடன் நின்றது. எவ்விலைக்கு வாங்குவது என்பதில் முடிவான சொல் அதற்கு இல்லை. விலை கூறியவரோ வாங்கும் கடனுக்கு நேரே பொறுப்பாகவில்லை. 1988இல் அடிவிலை தூய கம்பளிக் கிலோவுக்கு 870 சென்டாக உயர்த்தப்பட்டது. தம் உறுப்பினரின் வருவாயை உயர்த்துவதே பேரவையின் நோக்கம். ஆகவே அதன் முடிவைப் பேராசை என்று மட்டும் கூறுதல் நீதியாகாது. அத்தகைய அமைப்பிடம் அத்தகைய அதிகாரத்தை ஒப்படைத்த சட்டத்தின் தவறே முதன்மையானது.

பின் நிகழ்ந்தவை விரைவானவை. ஆலைகள் செயற்கை இழைகளுக்கும் பருத்திக்கும் திரும்பின. 1989க்குப் பின் சீனாவின் கொள்முதல் சுருங்கியது. சோவியத் ஒன்றியம் அந்நியச் செலாவணியின்றித் தவித்தது. உயர்ந்த விலையை நம்பி நாட்டில் செம்மறிகள் 17 கோடியளவாகப் பெருகியிருந்தன. கழகம் வாங்கியது, மீண்டும் வாங்கியது. 1990இல் அரசு தலையிட்டு அடிவிலையை 700 சென்டாகக் குறைத்தது. ஒருமுறை குறைந்த விலை மீண்டும் குறையும் என்று கருதிய வணிகர் காத்திருந்தனர். 1991 பிப்ரவரியில் அமைச்சர் ஜான் கெரின் திட்டத்தை நிறுத்தியபோது கிடங்குகளில் 47 இலட்சம் சிப்பங்கள் இருந்தன. கடன் 250 கோடி ஆஸ்திரேலிய டாலரைக் கடந்திருந்தது. மந்தையைக் குறைக்கும் திட்டத்தின் கீழ் இலட்சக்கணக்கான ஆடுகள் சுட்டுக் குழிகளில் புதைக்கப்பட்டன. தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்த மெரினோ மந்தையைத் தன் கையாலேயே சுட நேர்ந்த குடும்பங்களின் துயரம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

கடனைத் தீர்க்கும் பொறுப்பு மீண்டும் தீர்வை செலுத்துவோரையே சேர்ந்தது. கழகம் 1991இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. தேங்கிய கம்பளியும் கடனும் தனி ஆணையம் ஒன்றிடம் சென்றன. விளம்பரமும் ஆராய்ச்சியும் வேறு கைகளுக்கு மாறின. முன்பு ஒரே கூரையின் கீழ் சேர்த்தவற்றை இவ்வாறு பிரித்ததே, அச்சேர்க்கை தவறு என்பதற்கு அரசு அளித்த மறைமுக ஒப்புதல் எனக் கொள்ளலாம். 1998இல் கோல்பர்ன் நகரில் கூடிய வளர்ப்போர், அப்போதைய கம்பளி ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பின் நிர்வாகக் குழு மீது நம்பிக்கையின்மைத் தீர்மானம் நிறைவேற்றினர். தேக்கத்தின் கடைசிச் சிப்பங்கள் 2001இலேதான் விற்பனையாயின. நிறுத்தம் அறிவித்துப் பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

அவ்வாண்டு முதல் தீர்வைப் பணத்தைக் கையாளும் நிறுவனம் கம்பளி வாங்குவதில்லை, விலை கூறுவதுமில்லை. அதன் பணி 1936ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த இரண்டு கடமைகளுக்கே திரும்பியது. தீர்வையின் அளவை மூன்றாண்டுக்கு ஒருமுறை வளர்ப்போரே வாக்களித்து முடிவு செய்கின்றனர். செலுத்திய தீர்வைக்கு ஏற்பவே வாக்குகள் அமைகின்றன. 2000ஆம் ஆண்டு முதல் வாக்கெடுப்பில் அவர்கள் நூற்றுக்கு இரண்டு பங்கினைத் தேர்ந்தனர். 2018இல், நிறுவனம் இரண்டையே பரிந்துரைத்தும், ஒன்றரையாகக் குறைத்தனர்.